வீட்டு ஈட்டைப் புதுப்பிக்குமுன் நாலு படி ஏறுவோம்

(படுவான்கரை வாசிகசாலையொன்றில் ஆசிரியர்களும் அலுவலர்களும் வேளாண்மைக்காரரும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எழுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து இன்று உங்களிடம் வந்தோம். மண்முனைப் பாலத்தின் மேல் வண்டி ஓடி முடிய இரண்டு நிமிடந்தான் சென்றது. 2014-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் வரை அந்த இடத்தில் பாலம் இல்லை, பாதைதான் இருந்தது. பாதை அக்கரையில் நின்றால் நாம் இக்கரையில் வெயிலிற் காய்ந்தோம். அது புறப்படும் நேரமே நமது நேரமாயிருந்தது. வேறு வழி இல்லாதவன் பேரம் பேசுவதில்லை. அக்காலத்தை இங்குள்ள முதியோர் எவரும் மறந்திருக்கமாட்டார்.

இன்று அதை நினைவூட்டக் காரணம் உண்டு. வீட்டின் மேல் வாங்கிய கடனைப் பொறுத்தவரை நம்மவரிற் பலர் இன்னமும் அந்தப் பழைய துறையிலேயே நிற்கின்றனர். கடன் கொடுத்த வங்கியிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. "உமது கடனுக்கு நாம் உறுதியளித்த நிலையான வட்டிக்காலம் முடிவடைகிறது. இனிமேல் வட்டி இவ்வளவு. சம்மதமெனிற் கீழே கையொப்பமிட்டு அனுப்புக" என்பது அதன் சாரம். நாம் பேனாவைத் தேடுகிறோம். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுவதுகூட இல்லை. பக்கத்து வங்கியில் அதே கடனுக்கு வட்டி என்னவென்று கேட்பதும் இல்லை. இந்தக் கூட்டத்தில் நாம் பேச வந்தது இந்த ஒரு விடயத்தைப் பற்றியே.

பிறர் பிழையைச் சொல்லுமுன் எமது பிழையைச் சொல்லிவிடுகிறோம். எமது வீட்டின் மேலும் ஒரு கடன் உண்டு. முதல் ஐந்தாண்டுக்கு நிலையான வட்டி, அதன்பின் வங்கி தீர்மானிக்கும் வட்டி என்பது ஒப்பந்தம். ஐந்தாண்டு முடிந்தபோது மீதி 30 இலட்சம் ரூபா. கட்டி முடிக்க இன்னும் பதினைந்து ஆண்டு. கடிதம் வந்தது. அடுத்த ஐந்தாண்டுக்கு நூற்றுக்கு 14 என்று அதிற் கண்டிருந்தது. வங்கியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. எல்லா வங்கியும் எழுதுகிற கடிதந்தான் அது. அங்குள்ள முகாமையாளர் எமக்கு நன்கு பழக்கமானவர். வீடு குடிபுகுதலுக்கு வந்து பாற்சோறு உண்டவர். அவரிடம் போய் "வட்டி கூடிவிட்டதே" என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணிக் கையொப்பமிடவே இருந்தோம்.

அப்போது எமது மனைவியார் ஒரு கேள்வி கேட்டார்: "பெரும்போகச் செலவுக்குக் காப்பை வைக்கப் போனபோது மூன்று வங்கி ஏறி இறங்கினோம். வீட்டுக்கு ஒரு வங்கி போதுமோ?"

தாய்மார்களே, இந்தக் கேள்விக்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை. மட்டுநகர்த் திருமலை வீதியில் விதைப்புக் காலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கைப்பைக்குள் ஒரு சங்கிலியையோ இரண்டு காப்பையோ வைத்துக்கொண்டு நம் பெண்கள் ஒரு வங்கியில் ஏறி, "பவுனுக்கு எவ்வளவு தருகிறீர்கள், வட்டி என்ன?" என்று கேட்பர், இறங்கி அடுத்ததற்குச் செல்வர். பவுனுக்கு ஆயிரம் ரூபா கூடத் தருகிற இடத்திலும் வட்டி அரை வீதம் குறைந்த இடத்திலுந்தான் நகை தங்கும். ஆண்டு முடிந்து அடகைப் புதுப்பிக்கும்போதும் அவ்வாறே விசாரிப்பர். நெல்லை விற்கும்போது நாமும் அப்படித்தான். முதல் வந்த வியாபாரி சொன்ன விலைக்கு மூடையைத் தூக்கிக் கொடுப்பவன் இந்தக் கரையில் உண்டா? மாடு வாங்கப் போனாற் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். இவ்வளவும் அறிந்த நாம், வாழ்நாளிலே வாங்கும் மிகப் பெரிய கடனுக்கு மட்டும் வாய் பொத்தி நிற்கிறோம்.

அந்த வீடு யாருடையது என்பதையும் நினையுங்கள். யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை இருப்பதுபோல் மட்டக்களப்பாருக்கு ஒரு காலத்தில் முக்குவர் சட்டம் இருந்தது. தாய்வழியாகச் சொத்து இறங்கிற்று. 1876-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அது நீதிமன்றத்தில் வழக்கொழிந்தது. ஆயினும் வழக்கம் சட்டத்தோடு போய்விடவில்லை. வீடு பெண்ணுக்கு என்பது இன்றும் வாவியின் இரு கரையிலும் ஊறிய எண்ணம். மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் பேச முடியுமா? அதற்காகத்தானே தந்தை கடன்படுகிறார், அண்ணன்மார் வெளிநாடு போகிறார்கள். ஆகவே இங்கே ஈடு வைக்கப்படுவது பெரும்பாலும் மனைவியின் சீதன வீடு, அல்லது மகளின் வருங்கால வீடு. உறுதியில் இருப்பது அவர்கள் பெயர். வங்கிக்குப் போய்க் கையொப்பமிட்டு வருகிறவர் ஆண்மகன். வட்டி வீதம் என்னவென்று வீட்டுக்கு உரிய பெண்ணுக்கே தெரியாத குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். இது திருந்த வேண்டும்.

வட்டி என்பது எத்துணை வேகமாக ஏறி இறங்கும் என்பதை அண்மைய ஆண்டுகள் நமக்குக் கசப்போடு கற்பித்தன. 2022-ஆம் ஆண்டு ஏப்பிரல் 8-ஆம் நாள் இலங்கை மத்திய வங்கி தனது துணைநில் கடன்வழங்கல் வசதி வீதத்தை ஒரே நாளில் 7.50-இலிருந்து 14.50-க்கு உயர்த்திற்று. 2023 மார்ச்சில் அது 16.50 ஆயிற்று. வங்கிகள் தமது சிறந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனின் சராசரி வட்டியை மத்திய வங்கி வாரந்தோறும் வெளியிடுகிறது. முதன்மைக் கடன் வீதம் என்பார்கள். 2022 இறுதியில் அது நூற்றுக்கு 27-ஐயும் தாண்டியது. சிறந்த வாடிக்கையாளருக்கே 27 என்றால் பள்ளிக்கூட ஆசிரியருக்கும் வேளாண்மைக்காரருக்கும் என்ன கிடைத்திருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக் கடன் பத்திரங்கள் பலவற்றில் "முதன்மைக் கடன் வீதமும் அதன்மேல் இத்தனையும்" என்று ஒரு வரி உண்டு. நல்ல காலத்தில் அந்த வரியை எவரும் படிக்கவில்லை. 30 இலட்சம் மீதியுள்ள ஒருவருக்கு வட்டி 24 ஆனால், மாத வட்டி மாத்திரம் 60,000 ரூபா. முன்பு 36,000 கட்டியவர் அதே தொகையைக் கட்டிக்கொண்டிருந்தால் முதல் ஒரு சதமும் குறையாது, கடன் வளரும்.

பின்பு காற்றுத் திரும்பியது. 2023 யூனிலிருந்து மத்திய வங்கி வீதங்களை இறக்கலாயிற்று. 2024 நவம்பரில் ஓரிரவுக் கொள்கை வீதம் என்ற ஒற்றை வீதத்தை 8.00 என அமைத்தது; 2025 மேயில் அது 7.75 ஆயிற்று. முதன்மைக் கடன் வீதமும் 2024 இறுதியில் 9-இன் அருகே வந்துவிட்டது.

இதிலேதான் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. வட்டி ஏறும்போது கடிதம் தானாக வரும். இறங்கும்போது அது தானாக வரும் என்று எதிர்பார்த்திருக்கக் கூடாது. முதன்மை வீதத்தோடு கட்டிய கடனென்றால், ஒப்பந்தத்திற் குறித்த கால இடைவெளியில் வட்டி இறங்கியிருக்க வேண்டும். இறங்கியதா என்று பார்க்க வேண்டியவர் கடனாளி. மாறாக, உச்ச வீதம் நின்ற நாளிலே பயந்துபோய் "இதற்குமேல் ஏறாமல் இருந்தாற் போதும்" என்று ஐந்தாண்டுக்கு நிலைவட்டி எழுதிக் கொடுத்தவர் இருக்கிறார். சந்தை இறங்கியபின்பும் அவர் பழைய வட்டியையே கட்டுவார். அவரைத் தேடிப் போய்க் குறைத்துக் கொடுக்க வங்கிக்கு என்ன அவசியம்? கேட்டவருக்குத்தான் குறையும்.

இனி எமது கதையின் மீதியைச் சொல்கிறோம். மனைவியாரின் கேள்விக்குப் பின் நாம் மூன்று இடங்களுக்குச் சென்றோம். ஓரிடத்தில் 13.5 என்றனர். ஓரிடத்தில் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். மூன்றாம் இடத்தில் 12 என்றனர். வாய்ச்சொல்லாக வேண்டாம், எழுத்திலே தாருங்கள் என்றோம், தந்தார்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பழைய வங்கிக்குத் திரும்பினோம். பாற்சோறு உண்ட முகாமையாளர் கோபிக்கவில்லை. "முன்பே கேட்டிருக்கலாமே" என்றார்! கொழும்புத் தலைமையகத்துக்கு எழுதி ஒன்பது நாளில் 12.5 என்று பதில் பெற்றுத் தந்தார்.

12-ஐ விட்டு 12.5-ஐ ஏன் ஏற்றோம் என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். 30 இலட்சத்தைப் பதினைந்து ஆண்டிற் கட்டுவதாயின், 14 வீதத்தில் மாதத் தவணை 39,952 ரூபா. 12.5 வீதத்தில் 36,976. 12 வீதத்தில் 36,005. பழைய இடத்திலேயே இருந்து 12.5-க்கு இறங்கியதால் மாதம் 2,976 மிச்சம்; ஐந்தாண்டு நிலைவட்டிக் காலத்தில் 178,560 ரூபா. புதிய வங்கிக்குப் போயிருந்தால் மாதம் இன்னும் 971 ரூபா மிஞ்சும், ஐந்தாண்டுக்கு 58,260. ஆனாற் போவதற்குச் செலவு உண்டு. பழைய வங்கி முற்கூட்டித் தீர்க்கும் கட்டணம் கேட்கும். பழைய ஈட்டை நீக்கும் உறுதியும் புதிய ஈட்டு உறுதியும் எழுத நொத்தாரிசுக்குக் கொடுக்க வேண்டும். முத்திரைத் தீர்வை, காணிப் பதிவகத்திற் பதிவு, உறுதிகளைத் தேடிப் பார்க்கும் சட்டத்தரணியின் கட்டணம், வீட்டை மதிப்பிடுபவருக்குக் கூலி, புதிய வங்கியின் பத்திரச் செலவு என்று வரிசையாக வரும். எமக்கு இவையெல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 120,000 ஆகும் என்று கணக்கிட்டோம். 58,260-ஐப் பெறுவதற்கு 120,000 கொடுப்பது பேதைமை. பழைய வங்கி ஒரு சதமும் இறங்காது நின்றிருந்தால் போயிருப்போம். 14-க்கும் 12-க்கும் உள்ள வேறுபாடு ஐந்தாண்டில் 236,820 அல்லவா? செலவு போகவும் இலட்சத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

ஆகவே நாலு இடம் விசாரிப்பது என்றால் நாலு இடத்துக்கும் ஓடித் திரிவது என்று பொருளல்ல. பல வேளைகளில், இருந்த இடத்திலேயே நல்ல வட்டி பெறுவதற்கு அந்த விசாரணைத் தாள் உதவும். கையில் அத்தாள் இல்லாமற் போய்க் கேட்பது இரத்தல். தாளோடு போய்க் கேட்பது பேசுதல்.

மீதி சிறிதாயும் காலம் குறைவாயும் இருப்பவர் அலையவே வேண்டாம். 5 இலட்சம் மீதி, மூன்றாண்டுத் தவணை என்று வையுங்கள். 14 வீதத்தில் மாதம் 17,089. 12 வீதத்தில் 16,607. முழு மூன்றாண்டுக்கும் மிஞ்சுவது 17,352 ரூபா மாத்திரம். நொத்தாரிசுக்கே அது போய்விடும். அத்தகையவர் பழைய வங்கியில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்துவிட்டு, கட்டி முடிப்பதே நன்று.

விசாரிக்கும்போது வட்டியை மட்டும் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். "நூற்றுக்குப் பத்துத்தான்" என்று சொல்லும் இடங்கள் உண்டு. எதன் மேற் பத்து என்று கேளுங்கள். கட்டக் கட்டக் குறையும் மீதியின் மேலா, அல்லது ஆரம்பத்தில் வாங்கிய முழுத் தொகையின் மேல் இறுதிவரைக்குமா? 10 இலட்சத்தை ஐந்தாண்டுக்கு முழுத்தொகை வட்டியாகப் பத்து வீதத்தில் வாங்கினால், வட்டி 5 இலட்சம். மாதம் 25,000 கட்ட வேண்டும். குறையும் மீதியின் கணக்கில் அது நூற்றுக்குப் பதினேழுக்கும் மேல். பெயர் பத்து, உள்ளே பதினேழு. ஆகவே ஒரே தொகை, ஒரே காலம் என்று வைத்து "மாதத் தவணை எவ்வளவு? முடிவில் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?" என்ற இரண்டு கேள்வியை எல்லா இடத்திலும் கேட்டால் மறைப்பு எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். தவணை பிந்தினால் தண்டவட்டி என்ன, காப்புறுதியை அவர்கள் சொல்லும் இடத்திலேயே எடுக்க வேண்டுமா, முன்னதாகக் கட்டினால் கட்டணம் உண்டா என்பனவற்றையும் எழுதி வாங்குங்கள்.

விசாரிப்பதற்கு இடமா இல்லை? ஒரு காலத்தில் உண்மையிலேயே இருக்கவில்லை. செட்டியாரிடமும் ஊர்ப் பெரிய கைகளிடமும் வயலை ஒற்றிக்குக் கொடுத்தே காரியம் நடந்தது. 1931-இல் இலங்கை அரச ஈட்டு வங்கி எழுந்தது. 1939-இல் இலங்கை வங்கி, 1961-இல் மக்கள் வங்கி. பழைய ஈட்டு வங்கியும் 1943-இல் தோன்றிய விவசாய, கைத்தொழில் கடன் கூட்டுத்தாபனமும் 1979-இல் ஒன்றாகி அரச ஈட்டு, முதலீட்டு வங்கி ஆயின. தேசிய சேமிப்பு வங்கியும், வீடமைப்புக்கென்றே ஏற்பட்ட வீடமைப்பு அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபன வங்கியும், தனியார் வங்கிகளும் உண்டு. அரச ஊழியருக்குச் சொத்துக் கடன் உண்டு. தனியார் துறையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வேலை செய்வோர் தமது ஊழியர் சேமலாப நிதி மீதியின் 75 வீதம் வரை பிணையாக வைத்து வீட்டுக் கடன் பெற வழியுண்டு. அரச ஊழியரும் சேமலாப நிதி அங்கத்தவரும் இவ்வழிகளைப் பாராமல் சந்தை வட்டிக்குப் புதுப்பிப்பது, வீட்டிலே கிணறு இருக்க வாவிக்குக் குடத்தோடு போவது போன்றது. வாவித் தண்ணீர் உப்பு என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஒன்றை எச்சரிக்கிறோம். விசாரிக்கப் போனவர்களுக்கு "நாங்களே பழைய கடனைக் கட்டி மீட்டுத் தருகிறோம்" என்று தனியார் சிலரும் வலிய வருவர். அவர்கள் எழுதக் கேட்கும் பத்திரம் ஈட்டு உறுதியா, நிபந்தனை விற்பனையா என்று பாருங்கள். ஈட்டில் வீடு உங்களுடையது. கடன் மட்டும் அதன்மேல் நிற்கிறது. நிபந்தனை விற்பனையில் வீட்டை அன்றே விற்று விடுகிறீர்கள். குறித்த காலத்துக்குள் பணத்தைத் திருப்பினால் மீள எழுதித் தருவதாக அவர் ஒப்புகிறார். நாள் ஒன்று தவறினாலும் வீடு போயிற்று. வங்கியும் இரக்கமுள்ள தெய்வம் அன்று. 1990-ஆம் ஆண்டின் 4-ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் போகாமலே தன் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தால் ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிக்குக் கொடுத்திருக்கிறது. பராட்டே என்று பத்திரிகைகளிற் படித்திருப்பீர்கள். நெருக்கடியின் பின் அதை 2025 மார்ச் 31 வரை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆயினும் வங்கியோடு ஒரு விதி உண்டு, முறைப்பாட்டுக்கு இடம் உண்டு. நிபந்தனை விற்பனைக்காரரிடம் அவர் மனந்தான் விதி.

வேளாண்மைப் பெருமக்களுக்கு இரண்டு சொல். வங்கி மாதந்தோறும் கேட்கிறது. வயலோ மாதந்தோறும் தருவதில்லை. உன்னிச்சையிலும் நவகிரியிலும் நீர் இருந்து, வெள்ளமும் அடிக்காமல் விட்டால், மாசி பங்குனியிற் பெரும்போகம் கைக்கு வரும். நீர் கிடைத்த கண்டங்களுக்குச் சிறுபோகமும் வரும். இடைப்பட்ட மாதங்களில் தவணைக்காகக் காப்பு அடகுக்குப் போகிறது. வீட்டுக் கடனின் வட்டி 12, அதைக் கட்டுவதற்கு எடுத்த அடகின் வட்டி அதைவிடக் கூட! 2023-ஆம் ஆண்டு மத்திய வங்கி அடகு வட்டிக்கு விதித்த உச்ச எல்லையே 18 என்பதை நினையுங்கள். ஆதலால் வேளாண்மைக்காரர் விசாரிக்கும்போது, வட்டிக்கு முன்பே கேட்க வேண்டியது "அறுவடைக்கு அறுவடை கட்டலாமா? பெரும்போகம் முடிந்து மொத்தமாக ஒரு தொகை கட்டினால் கட்டணமின்றி முதலிற் கழிப்பீர்களா?" என்பது. அதற்கு ஆம் என்கிற வங்கி அரை வீதம் கூடக் கேட்டாலும் இலாபமாகலாம். ஆம் என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, காணியின் தன்மை. படுவான்கரையிற் பலருடைய வளவு 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணி. அளிப்புப் பத்திரம் பெற்றவராயினும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல ஒப்புதல் இன்றி ஈடு வைக்க இயலாது. ஆகவே இவர்களுக்கு வங்கி மாறுதல் எளிதன்று. முதற்படி கந்தோரில்தான் தொடங்கும். அந்தத் தாள் எப்போது கைக்கு வரும் என்று அறியாமல் பழைய வங்கிக்கு "மாறப்போகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நிலைவட்டிக் காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே தொடங்க வேண்டும். உறுதிக் காணிக்காரருக்குக்கூட மூன்று மாதம் வேண்டும். தோம்பும் உறுதியும் தேடுவதில் நாட்கள் எப்படிப் போகும் என்பது பதிவகத்துக்கு நடந்தவருக்குத் தெரியும்.

இன்னொரு கேள்வியும் எழும்: பல இடத்தில் கேட்டால் நம் பெயர் கெட்டுவிடாதா? 1990-இல் ஏற்பட்ட கடன் தகவற் பணியகத்தில் ஒவ்வொருவர் கடன் வரலாறும் உண்டு. வங்கிகள் அதைப் பார்க்கின்றன. வட்டி என்னவென்று கேட்பதாற் பெயர் கெடாது. ஐந்து வங்கிக்கு ஐந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அது வேறு காரியம். முதலிற் கேளுங்கள், கணக்குப் பாருங்கள், தேர்ந்த ஓரிடத்துக்கே விண்ணப்பியுங்கள். உங்கள் அறிக்கையை நீங்களே பெற்றுப் பார்க்கவும் பணியகம் இடமளிக்கிறது. கட்டி முடித்த பழைய கடன் இன்னும் கட்டாததாய் அதில் நின்றால், அதை முன்பே திருத்திக்கொள்ளலாம்.

இனி மொழி. கடிதம் ஆங்கிலத்தில் வருகிறது. ஈட்டு உறுதியும் ஆங்கிலத்தில். நெற்காணியைப் பெற்ற காலந்தொட்டுத் தமிழிலேயே கணக்கு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும்வரை அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருந்ததை நாம் கண்டோம். தமிழும் ஆட்சிமொழி என்று 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் அரசியலமைப்பில் எழுதிவைத்தது. எழுத்து இருந்தென்ன, கடிதம் தமிழில் வராவிட்டால்? 2023-இல் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளையும் வெளியிட்டிருக்கிறது. கேட்பதற்கு உரிமை இல்லாதவர்போல் நாம் ஏன் நிற்க வேண்டும்? "இதைத் தமிழில் தாருங்கள், படித்த பின்பே கையொப்பம்" என்று சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் அலுவலர் முகஞ்சுளிப்பார். ஒரு கிராமமே சொன்னால் அச்சடித்து வைப்பார். அவ்விடத்திலும் நியாயம் கிடையாவிடின் நிதிக் குறைகேள் அதிகாரிக்கும், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கும் எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள்.

இது நம் நாட்டின் குறை மட்டுமன்று. கனடாவிலிருக்கும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே வீட்டு ஈடு பெரும்பாலும் ஐந்தாண்டு போன்ற தவணைக்கே எழுதப்படுகிறது. கடன் இருபத்தைந்து ஆண்டுக்காயினும் தவணை முடியும்தோறும் புதுப்பித்தாக வேண்டும். 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 0.25 ஆயிருந்த கனடா வங்கியின் வீதம் 2023 யூலையில் 5.00 ஆயிற்று. மலிவான நாளில் வீடு வாங்கிய நம்மவர் புதுப்பிக்கும் நாளில் திகைத்தனர். அங்கேயுள்ள விதியின்படி, மத்திய அரசின் மேற்பார்வைக்குட்பட்ட வங்கி தவணை முடிய 21 நாளுக்கு முன்னராவது புதுப்பித்தற் கூற்றை அனுப்ப வேண்டும். அந்த 21 நாளையும் எண்ணிக்கொண்டு இருந்துவிட்டுக் கையொப்பமிடுகிறவர் அங்கும் உண்டு. விசாரித்தவர் மாறினர், அல்லது பழைய வங்கியையே இறக்கினர். காப்புறுதியற்ற ஈட்டைத் தொகையும் காலமும் மாற்றாமல் வேறு நிறுவனத்துக்கு மாற்றுவோர்க்கு, வருமானப் பரீட்சையை மறுபடியும் நடத்தும் கட்டாயத்தை 2024 நவம்பரில் நீக்கினார்கள். மாறும் உரிமை ஏட்டில் இருந்தாற் போதாது, கால் வைக்க வழியும் வேண்டும் என்பதை அங்குள்ள அதிகாரிகள் உணர்ந்திருக்கிறார்கள். நம் நாட்டில் முற்கூட்டித் தீர்க்கும் கட்டணமும் உறுதிச் செலவும் அந்த வழியை அடைத்து நிற்கின்றன. வீட்டுக் கடனை மாற்றும் ஏழைக் கடனாளிக்கு முத்திரைத் தீர்வையேனும் குறைக்க வேண்டுமென்று நம் பிரதிநிதிகள் கேட்கட்டும். வாக்குக் கேட்டு வரும் நாளில் இந்தக் கேள்வியை நீங்கள் அவர்களிடம் போடுங்கள்.

முகாமையாளர் நல்லவர், ஆபத்துக்கு உதவினார், அவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குவோர் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். நாமும் தயங்கினவர்களே. அவர் நல்லவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் 14 என்று எழுதியது அவருடைய நன்மனம் அன்று. கொழும்பிலுள்ள ஓர் அட்டவணை. 12.5 என்று இறக்கியதும் அவருடைய தயவு மட்டும் அன்று. எமது கையிலிருந்த தாள். நன்றியை அவர் பிள்ளையின் கலியாணத்திற் காட்டுவோம்; மொய் எழுதுவோம். வட்டியில் எழுத வேண்டாம்.

நேரமாகிறது. இக்கூட்டத்துக்கு வங்கிக் கடிதத்தையும் தவணை அட்டையையும் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். பலர் கொண்டுவந்திருப்பது கைகளில் தெரிகிறது. நிலைவட்டி இவ்வாண்டு முடிகிறவர்கள் முன்வாங்கிலுக்கு வாருங்கள். உறுதி யார் பெயரிலோ அந்தத் தாய்மாரும் கூடவே வந்து அமருங்கள். கணக்குப் பொறியோடு இரண்டு ஆசிரியர்கள் மேசையில் இருக்கிறார்கள். கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குவோம்.